மாதிரித் தட்டில் நடந்த வண்டு

காலை எட்டரை. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் சல்லடை அறையில், கொழும்புக்கு அனுப்ப வைத்திருந்த மாதிரித் தேயிலைமீது ஒரு கறுப்பு வண்டு நடந்து போனது. அவசரமே இல்லாத நடை.

“ரொட்டி மாவு வண்டு!” என்றார் முகர்ந்தே தேயிலையின் தரம் சொல்லும் டீமேக்கர் செல்லசாமி. விடியற்காலையிலிருந்து கொட்டும் மழையில் எல்லாரும் நனைந்து நிற்க, அவருடைய கம்பளித் தொப்பி மட்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. “நாகலெட்சுமி, உள்ள வச்சு ஒளிச்சுத் திங்கிறியா? இன்னையோட ஒன் வேலை போச்சு.”

தேயிலை சலிக்கும் நாகலெட்சுமி, அவர் கிட்டே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். “என் ரொட்டி வெளிய பையில இருக்குதுங்க. வேணும்னா ஒன்னு தின்னு பாருங்க.”

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தார். தரம் பார்க்கும் வினோதாவைக் கூப்பிட்டார். விலங்கியல் படித்தவள், நாலு பேர் பார்த்தால் குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும். வண்டைக் கிண்ணத்தில் போட்டு உருப்பெருக்கியால் பார்த்தாள். முன்கால், நடுக்கால் பாதங்களில் ஐந்தைந்து கணு. பின்கால் பாதத்தில் நான்குதான்.

“இருள்வண்டுக் குடும்பம் சேர். மாவு வண்டும் இதே குடும்பந்தான்.”

“நான் சொன்னேன்ல!”

“வாயே தொறக்காத மிஸ்சு,” என்று முறைத்தாள் நாகலெட்சுமி, “இன்னைக்கித்தான் தொறக்கணுமா?”

“ஆனா மாவு வண்டு எள்ளு மாதிரி, பழுப்பு. இது என் நகம் அளவு. கால் நீளம். மரத்துல ஏறுற சாதி. பட்டுப்போன மரத்துல பூஞ்சணம் திங்கும். மாவுல வராது.”

“அப்ப கொழுந்தோட வந்திருக்கும்,” என்றார் துரை.

“வந்திருந்தா உருளையில நசுங்கி, சூட்டுல வெந்திருக்கும் சேர். இது நடக்குது.”

பட்டுப்போன மரம் விறகுக் கொட்டிலில்தான் உண்டு. எல்லாரும் விறகு சுமக்கும் கிஷாந்தைப் பார்க்க, அவன் வாசலுக்கு வெளியிலிருந்தே கத்தினான். “என்னைய உள்ள விட்டாத்தானே தொரை! தலைக்கு வலை மாட்டாத ஆளுன்னு வெரட்டுறாங்க.”

வினோதா கிண்ணத்தின் மேல் குனிந்தாள். பயந்த வண்டு காட்டமான நாற்றத்தை விட்டிருந்தது. காலையிலிருந்து இந்த அறையில் அடித்த அதே நாற்றம். மேசையில் தேயிலை போட்ட கிண்ணங்களும் அதே போல வரிசையாக இருந்தன. ஒரு கிண்ணத்தைத் துணியால் மூடி டீமேக்கரிடம் நீட்டினாள்.

“ஐயா, இத ஒருக்கா வாசம் பாருங்களேன்.”

செல்லசாமி துணியின் ஓரத்தை விலக்கி, கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். “ஆஹா! பூ வாசம். முதல் தரம்.”

பக்கத்தில் நின்ற துரை கைக்குட்டையைத் தேடினார். வினோதா துணியை எடுத்தாள். உள்ளே வண்டு.

“ஐயாவுக்குத் தடிமன் சேர். மூக்கு அடைச்சத மறைச்சுட்டாரு. இந்த மழையில தொப்பி எப்படிக் காஞ்சுது? அடுப்புப் பக்கம் விறகு மேல போட்டிருக்காரு. வண்டு ஏறிருச்சு. நாத்தம் எங்களுக்குத் தெரிஞ்சுது, அவருக்குத் தெரியல. எங்க தலையில வலை. அவர் தலையில மட்டும் கம்பளி. வாசம் தெரியலன்னு மாதிரிக்குள்ள முகத்தையே விட்டாரு. வண்டு இறங்கிருச்சு.”

“தெனம் அங்கதான் தொரை காயப்போடுவாரு!” என்றான் கிஷாந்த்.

செல்லசாமி தொப்பியைக் கழற்றினார். மரப்பட்டைத் துகள் உதிர்ந்தது. பின்னாலேயே இன்னொரு வண்டு.

“நாகலெட்சுமி, நீ போய் வேலையப் பாரு,” என்ற துரைக்கு அப்போதுதான் உறைத்தது. “அப்ப விடியக்காலையில இருந்து தேயிலைக்கு வாசம் பாத்தது யாரு?”

செல்லசாமி மூக்கை உறிஞ்சினார்.

“தடிமனுக்குக் கொத்தமல்லி அவிச்சுத் தர்றேன் ஐயா,” என்றாள் நாகலெட்சுமி. “ரொட்டியும் இருக்குது. சந்தேகம்னா மிஸ்கிட்ட குடுங்க, கால் எண்ணிச் சொல்லுவாங்க.”