மாடிப்படிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

சிராங்கூன் சாலையிலிருந்து மாட்டுக் கொட்டில்கள் பக்கம் திரும்பும் தெருவில் ஒரு பச்சை ஜன்னல் வீடு இருந்தது. அந்த வீட்டில் இரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. கீழே கடை, மேலே குடித்தனம், நடுவில் வெறும் பலகைத் தளம். மாடியில் ஒருவர் தும்மினால் கீழே இரண்டு பேர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். யார் வீட்டில் மீன், யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் மீனால் சண்டை என்பதெல்லாம் சோறு வடிப்பதற்குள் தெருக்கோடிக்குப் போய்விடும்.

அப்படிப்பட்ட வீட்டில், ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய அந்த வருஷம், ஐந்து பெரியவர்கள் ஒரே இரகசியத்தைத் தனித்தனியாக மூன்று வாரம் காப்பாற்றினார்கள்.

அதைக் கண்டுபிடித்தவள் நூருன்னிசா. வயது பத்து. வீட்டில் அவள் பெயர் நூரு.

எல்லாம் வள்ளிநாயகி அக்கா கப்பல் ஏறிய அன்று ஆரம்பித்தது.

வள்ளியக்கா மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவருடைய கணவர் விஸ்வலிங்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். இந்த ஊரில் எழுத்தரைக் கிராணி என்பார்கள். ஆகவே தெருவுக்கே அவர் 'கிராணியார்'. வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, மடிப்புக் கலையாத கைக்குட்டை. ஒரு நாளைக்கு எட்டு முறை கை கழுவுவார். கழுவி முடித்ததும் சோப்பையும் ஒரு முறை கழுவி வைப்பார்.

வள்ளியக்காவுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறார். பெட்டி படுக்கையெல்லாம் ரிக்‌ஷாவில் ஏறிய பிறகு, நூருவின் கையைப் பிடித்து மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கேதான் அவருடைய வண்ணச் சேம்பு இருந்தது. இதயம் போன்ற இலைகள், பச்சை ஓரம், நடுவில் ரோஜா நிறம், அதில் சிவப்பு நரம்புகள். மொத்தம் ஒன்பது இலைகள். வீட்டின் நடுமுற்றத்துக் கூரை திறந்திருப்பதால் அந்தத் திருப்பத்தில் மட்டும் வெளிச்சம் இதமாக விழும்.

"நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஒருத்தரையும் தெரியாது, நூரு. ஒரு பங்களா வாசல்ல குப்பையோட குப்பையாக் கிடந்த கிழங்கைக் கொண்டுவந்து நட்டனான். முதல் இலை விட்ட அண்டைக்குத்தான் எனக்குக் கதைக்க ஓர் ஆள் கிடைச்சுது."

"நான் பார்த்துக்கறேன் அக்கா."

"விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார். காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி விடு. நான் பிள்ளையோட வரேக்க இது எங்களைப் பார்த்துக்கொண்டு நிக்கோணும். சரியோ?"

"உங்க வீட்டு ஐயாகிட்ட ஏன் குடுக்கல?"

வள்ளியக்கா குரலைத் தாழ்த்தினார். "அவரிட்டயோ? செடியையும் சோப்புப் போட்டுக் கழுவிப்போடுவார்!"

நூரு சத்தியம் செய்து கொடுத்தாள். ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று.

பிறகு ஒரு நாள், அடியில் இருந்த கிழட்டு இலை ஒன்று மஞ்சளானது. கிழட்டு இலை என்றால் மஞ்சளாகத்தான் செய்யும். ஆனால் அதை முதலில் பார்த்தவர் ரத்தினம்மா.

ரத்தினம்மா அடுத்த கொட்டிலிலிருந்து பால் கொண்டு வருபவர். பாலில் தண்ணீர் கலக்கமாட்டார். செய்தியில் கொஞ்சம் கலப்பார்.

"அய்யய்யோ! புள்ளைத்தாச்சி கையால வச்ச செடியாச்சே! இது வாடுனா அங்க அவளுக்கு ஆகாதே!"

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். நூருவின் வாப்பா அப்துல் கஃபார் கீழே தகரப் பெட்டிக் கடை வைத்திருந்தார். அவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

"செடிக்கும் புள்ளைப்பேறுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

நூருவின் உம்மா பதுருன்னிசா சிரித்தார். மாடியின் பின்னறையில் தங்கி, முச்சந்தியில் தேத்தண்ணிக் கடை நடத்தும் ஒலி முகம்மது சிரித்தார். கிராணியார்கூடச் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்தவர்கள் எல்லோரும் போகிற போக்கில் செடியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள். அங்கேதான் வம்பு தொடங்கியது.

மூன்று வாரத்தில் ஒன்பது இலை நாலானது. தண்டுகள் துவண்டு தொங்கின. தொட்டியின் அடியில் இருந்த எனாமல் தட்டில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றது.

நூருவுக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியம் செய்தவள் அவள்தானே? அவள் ஊற்றுவதை நிறுத்திப் பார்த்தாள். மறுநாள் விரலை விட்டால் மண் கூழாக இருந்தது. இன்னும் ஒரு நாள் நிறுத்தினாள். இன்னும் கூழ்! நான் ஊற்றாத செடிக்கு யார் ஊற்றுகிறார்கள்? குனிந்து மோந்து பார்த்தாள். ஓர் ஓரத்தில் தேயிலைத் தூள். இன்னோர் ஓரத்தில் வெள்ளைக் கஞ்சித் திட்டு. நடுவில் எறும்பு ஊர்வலம்.

"ஆகா!" என்றாள் நூரு.

மறுநாள் ஓதப் போகும் பள்ளிக்கு விடுமுறை. ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு மேல்படியில், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கீரை ஆய்கிற பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. உளவு பார்க்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

முதலில் ரத்தினம்மா வந்தார். அங்கும் இங்கும் பார்த்தார். பால் செம்பைக் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, "தாயே, நல்லபடியாப் பெத்துப் பொழைச்சு வரட்டும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஒலி முகம்மது. ஒரு குவளை ஆறிய தேத்தண்ணி. "குடி மவனே. இது குடிச்சா செத்தவனும் எழுந்து உக்காருவான்!"

அடுத்து உம்மா. அரிசி களைந்த தண்ணீர்.

அடுத்து, மிகவும் சத்தமாகச் சிரித்தாரே, அந்த வாப்பா. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்து மிச்சமிருந்த தண்ணீரோடு கால் நுனியில் நடந்து வந்தார். தகரப் பெட்டிகளை உருட்டுகிற மனிதர் அவ்வளவு சத்தமில்லாமல் நடப்பார் என்று நூருவுக்கு அதுவரை தெரியாது.

நூரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியாகக் கிராணியார் வந்தார். பெரிய கூஜா நிறையத் தண்ணீர். முழுவதையும் ஊற்றினார். பிறகு செடியின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். துடைக்காத படியில், வெள்ளைக் கால்சட்டையோடு!

"எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்று செடியிடம் சொன்னார். "அவள் அங்க. நான் இங்க. நடுவில இவ்வளவு கடல். உனக்குத் தண்ணி ஊத்துறதைத் தவிர நான் வேற என்ன செய்ய?"

நூருவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

'எல்லோரும் ஊற்றியதால்தான் செடி அழுகுது' என்று சத்தம் போட அவள் வாய் வரை வந்திருந்தது. அப்படிச் சொன்னால் கிராணியார் என்ன ஆவார்? தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்து உடைந்து போவார். எல்லோருக்கும் ஏதோ செய்ய வேண்டும் போலிருக்கிறது. செய்ய இருப்பது தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். அவ்வளவுதானே?

அப்படியானால் வேறு வேலை கொடுத்தால் போயிற்று!

முதலில் வாப்பாவிடம் போனாள். "வாப்பா, செடிக்கு ஒரு தகரத் தொட்டி வேணும். அடியில பத்து ஓட்டை போட்டு."

"ஓட்டை போட்ட தகரத்தை நான் வித்ததே இல்லையே, புள்ளே!"

"இது விக்கிறதுக்கு இல்ல வாப்பா."

தொட்டியைக் கவிழ்த்தபோது நாற்றம் கூடத்தைத் தூக்கியது. கிழங்கில் பாதி கறுத்து நொசநொசத்திருந்தது. உம்மா சேப்பங்கிழங்கை நறுக்கும்போது அழுகிய பக்கத்தைத்தானே வெட்டி எறிவார்? முழுக் கிழங்கையும் எறியமாட்டாரே! நூருவும் அப்படியே செய்தாள். வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, புது மண்ணும் கரித்துண்டும் போட்டு நட்டாள்.

பிறகு ஒவ்வொருவரையும் தனியே பிடித்தாள்.

"ரத்தினம்மாக்கா, உங்க கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாது. தினம் செடியில பூச்சி இருக்கான்னு பார்க்கணும். அப்புறம், யாரோ திருட்டுத்தனமாத் தண்ணி ஊத்துறாங்க. நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். யாரும் ஊத்தாம நீங்கதான் காவல்."

ரத்தினம்மா செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நானா? சேச்சே! எவன் ஊத்துறான்னு பாத்துர்றேன்!"

உம்மாவுக்கு ஈரத்துணியால் இலைத்தூசி துடைக்கும் வேலை. ஒலி முகம்மதுவுக்குத் தினம் ஒரு கால் சுற்றுத் தொட்டியைத் திருப்பும் வேலை. வெளிச்சம் எல்லாப் பக்கமும் பட வேண்டுமே! ஒவ்வொருவரிடமும் அதே பேச்சு: "நீங்க இல்லைன்னு தெரியும். நீங்கதான் காவல்." ஒவ்வொருவரும் அதே போலச் "சேச்சே!" என்றார்கள்.

கடைசியாகக் கிராணியார்.

"ஐயா, உங்களுக்குத்தான் பெரிய வேலை. காலையில விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. ரெண்டு கணு ஆழம் காய்ஞ்சிருந்தா அரைக் குவளை ஊத்துங்க. காயலைன்னா ஊத்தக் கூடாது."

கிராணியார் தன் பளபளக்கும் விரலைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

"முழு விரலுமோ?"

"ரெண்டு கணு போதும்."

கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டார்.

இவ்வளவு செய்தும், மிச்சமிருந்த இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு வியாழக்கிழமை கடைசி இலையும் போயிற்று. தகரத் தொட்டியில் வெறும் மண். அன்று சாயங்காலம் பார்த்துத்தான் தந்திச் சேவகன் வாசலில் வந்து நிற்க வேண்டுமா?

"விஸ்வலிங்கம்! தந்தி!"

அந்தக் காலத்தில் தந்தி என்றாலே பாதிப் பேர் முதலில் அழுதுவிட்டுத்தான் பிரிப்பார்கள். வீடு முழுக்கப் படிக்கட்டில் கூடிவிட்டது. ரத்தினம்மா வெறும் தொட்டியைப் பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நூரு தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் கையில் கொடுத்த செடி!

கிராணியார் காகிதத்தைப் பிடித்தபடி நின்றார். பிரிக்க முடியவில்லை. அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நூரு பக்கத்தில் போனாள். "நான் பிரிச்சுத் தர்றேன் ஐயா. நீங்க படிங்க."

பிரித்துக் கொடுத்தாள். அவர் படித்தார். திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மூன்றாம் முறை படித்தார்.

"பெண் பிள்ளை," என்றார். "தாயும் பிள்ளையும் சுகமாம்."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஒலி முகம்மது தொட்டியைக் காட்டி, "என்ன ரத்தினம்மா, செடி வாடுனா ஆகாதுன்னீங்களே?" என்றார்.

ரத்தினம்மா அசரவில்லை. "யாழ்ப்பாணம் தூரமில்லையா? அதுக்கு இன்னும் சேதி போகலை போல!"

அந்தச் சிரிப்பில் வாப்பா மறந்துபோய்ச் செம்பைத் தூக்கினார். உம்மா குவளையைத் தூக்கினார். ஒலி முகம்மது தேத்தண்ணியோடும், ரத்தினம்மா பால் செம்போடும், கிராணியார் கூஜாவோடும் படியேறினார்கள். சந்தோஷம் வந்தால் யாருக்காவது எதையாவது ஊற்ற வேண்டும்தானே!

நூரு பாய்ந்து போய்த் தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"யாரும் ஊத்தக் கூடாது!"

ஐந்து பேரும் செம்பும் குவளையுமாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. செம்பும் குவளையும் ஒவ்வொன்றாக முதுகுக்குப் பின்னால் போயின.

தந்தி வந்த பதினெட்டாம் நாள், விரலை விட வந்த கிராணியார், கை கழுவக்கூட மறந்து, "நூரு! நூரு!" என்று கத்தினார். மண்ணைப் பிளந்துகொண்டு, ஊசி போலச் சுருண்டு, ஒரு ரோஜா நிற முளை நின்றது.

நாலு மாதம் கழித்து வள்ளியக்கா வந்தார். தோளில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. படித் திருப்பத்தில் நின்றார். செடியில் ஏழு இலைகள். குழந்தை ஓர் இலையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

"தொட்டி புதுசு. இலையும் புதுசு," என்றார் வள்ளியக்கா. நூருவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. "வடிவாத்தான் பார்த்திருக்கிறாய். ஆர் தண்ணி ஊத்தினது?"

"நான் இல்லை!" என்றார்கள் ஐந்து பேரும் ஒரே குரலில்.

வள்ளியக்கா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கணவரிடம் வந்ததும் கண் நின்றது. வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத கைக்குட்டை, எல்லாம் அப்படியே இருந்தன.

சுட்டுவிரல் நகத்தில் மட்டும் கொஞ்சம் மண் இருந்தது.