ஆடியில் காலியான வீடு

"காலி வூடுன்னா உள்ள யாரும்மா தண்ணி மொள்றது?"

"யாரும் மொள்ளலை. கிணத்து ராட்டினம் காத்துல சுத்தறது."

"காத்து வாளி கட்டி எறைக்குதா? நல்ல காத்தா கீதே. எங்க வூட்டாண்டையும் கொஞ்சம் அனுப்பி வுடுங்க."

பில் கலெக்டர் தசரதன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வைதேஹி சிரிக்கவில்லை. பூட்டிக்கிடந்த வீட்டின் பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. கயிறு இழுபடும் முனகல், கிணற்றுச் சுவரில் வாளி இடிக்கும் தகரச் சத்தம், பிறகு ஏதோ ஒரு குடத்துக்குள் தண்ணீர் விழுந்து, குடம் நிரம்ப நிரம்பச் சன்னமாகிக்கொண்டே போகும் ஒலி. குடம் நிரம்பியது. யாரோ அதைத் தூக்கி இடுப்பில் வைத்தது போல ஒரு தளும்பல் கேட்டது. அதன்பின் சாலைப் புழுதியை வாரி இறைக்கும் ஆடிக் காற்று மட்டும்.

பிள்ளைப்பாக்கம் போகும் சாலையோரம் அவள் அப்பா கட்டிய வீடு இது. கல்யாணமாகி நாக்பூருக்குப் போனவள், அப்பா காலமான பிறகு தரகர் கண்ணப்பன் மூலம் வாடகைக்கு விட்டிருந்தாள். குடியிருந்த மஞ்சுளாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு இந்த ஊரில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போலீஸ் வீடு வீடாகக் கேட்டது; குடித்தனக்காரரின் விவரத்தை எழுதி வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாக்பூருக்குத் தகவல் வந்தது. முகம் தெரியாதவர்களுக்காகக் கையெழுத்தா? அன்றே கண்ணப்பனுக்கு ட்ரங்கால் போட்டாள். உடனே காலி பண்ணச் சொல்லுங்கோ.

ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் குடிபோக யாரும் வீடு தரமாட்டார்கள், ஆவணி பிறந்ததும் போய்விடுகிறோம் என்று மஞ்சுளா அழுததாகக் கண்ணப்பன் சொன்னார். அப்படியானால் பியூஸைப் பிடுங்குங்கோ என்றாள் வைதேஹி. பிடுங்கினார்கள். புருஷன், பெண்டாட்டி, குழந்தை என்று மூன்று பேரும் மூட்டையோடு வெளியேறினார்கள்.

இப்போது தசரதன் வரிப் புத்தகத்தில் 'காலி' என்று எழுதினால் போதும். 'குடியிருப்பு' என்று எழுதிவிட்டால் மஞ்சுளா அதையே பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவாள். இந்த ஜென்மத்தில் வீடு கைக்கு வராது. அவர்கள் திரும்பி வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதில் வைதேஹிக்குச் சந்தேகமே இல்லை.

"பின்பக்கமா ஏறிக் குதிச்சிருக்கா அந்த மஞ்சுளா. திருட்டுக் கழுதை."

பக்கத்து வேலிக்கு மேல் ஒரு தலை நிமிர்ந்தது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பால் ஊற்றும் பாப்பம்மாள். வைதேஹி ஊர் வந்ததிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அவ எங்கம்மா ஏறிக் குதிக்கிறது? சுங்குவார்சத்திரம், படப்பைன்னு நாயா அலைஞ்சாங்க. ஆடியில எவன் உள்ள வுடுவான்? ஏரிக்கரைல மூட்டைய வெச்சிகினு குந்திகினு கெடந்தாங்க. அன்னிக்குப் பெரிய மழை ஊத்திச்சி. விடிஞ்சி பாத்தா ஆளும் இல்ல, மூட்டையும் இல்ல. வலை போட்டுத் தேடுனாங்க. ஒரு குடம்தான் சிக்கிச்சி."

"கதை."

"கதைதாம்மா. நாக்பூர் வரைக்கும் வந்து சேர்றப்ப எல்லாம் கதையாத்தான் பூடும்."

தசரதன் பேனாவை மூடினார். "நீங்களே உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. யாரும் இல்லன்னு சொன்னா எழுதிட்டுப் போய்கினே இருக்கேன்."

"நீங்க வரலையா?"

"நமக்கு வூட்டு வெளியதாம்மா வேலை. உள்ள இருக்கறது வூட்டுக்காரங்க சமாச்சாரம்."

பூட்டின் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதைக் கிழித்துச் சாவியைத் திருப்பியபோது, முன்வாசல் வழியாக யாரும் வரவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. கதவு திறந்ததும் உள்ளிருந்து வந்தது பூட்டிய வீட்டின் வறண்ட வாடை அல்ல. நாள்கணக்கில் காயாமல் கிடக்கும் துணியின் புளித்த நாற்றம், அதற்கடியில் கோரையும் சேறும் அழுகும் ஏரி வாடை, அதற்கும் அடியில், மிக மெல்லியதாக, புதிதாக அரைத்த மஞ்சளின் மணம். சுவர் சுவிட்சைப் பழக்கத்தில் தட்டினாள். விளக்கு எரியவில்லை. பியூஸைப் பிடுங்கச் சொன்னது அவள்தான். மாலை வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்து, சிவப்புத் தரையில் ஒரு பாயளவுக்கு விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"மஞ்சுளா! உள்ளேதான் இருக்கேன்னு தெரியும். போலீஸைக் கூப்பிடட்டுமா?"

தன் குரல் கூடத்தைச் சுற்றி வந்து மெலிந்து அடங்குவதை அவள் கேட்டாள். பின்கட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தாழ்ப்பாளில் துருவும் தூசியும். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. சாவித் துவாரம் வழியே பார்த்தாள். கிணறு. ராட்டினம். கயிறு இல்லை. வாளியும் இல்லை.

அப்படியானால் வெளியே போய்ச் சொல்லிவிடலாம். யாரும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். மூன்றே வார்த்தை. அவள் திரும்பினாள். திரும்பியபோதுதான் தரையைப் பார்த்தாள்.

ஈரக் காலடிகள். பெரியது, நடுத்தரமானது, சின்னஞ்சிறியது. கூடத்திலிருந்து அப்பாவின் அறைவரை வரிசையாகப் போயின. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. ஏதோ தப்பாக இருந்தது. குனிந்தாள்.

எல்லாம் இடது கால்.

வலது கால் ஒன்றுகூட இல்லை.

வாசலுக்கு ஓடலாம். ஓடினால் தசரதன் கேட்பார். என்ன சொல்வது? வீடு போய்விடும். வீடு. அந்த நினைப்புதான் அவளை அறைக் கதவு வரை கொண்டுபோனது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சொட்டு. சொட்டு. சொட்டு.

"மரியாதையா கிளம்பு." அவள் கதவிடுக்கைப் பார்த்துச் சொன்னாள். "இப்பவே கிளம்பு."

"கெளம்பித்தாம்மா நிக்கிறோம்."

மெதுவான, பணிவான குரல். கதவு தானாகப் பின்னால் சாய்ந்தது.

இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரமாயிற்று. பழகாமலே இருந்திருக்கலாம். மூன்று பேர். சுவரோரமாக, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல. புருஷன் தலையில் டிரங்குப் பெட்டி. மஞ்சுளாவின் இடுப்பில் தளும்பத் தளும்ப ஒரு குடம், வாயைச் சுற்றி மஞ்சள். குழந்தையின் கையில் உப்புப் பாத்திரம், உப்பு முழுக்கக் கரைந்து விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. புதுவீட்டுக்குள் முதலில் எடுத்துப்போகும் சாமான்கள். முடியில் கோரை. கண்களில் இமை இல்லை. மீன்கள் விட்டுவைத்தது அவ்வளவுதான்.

மூன்று பேரும் வலது காலைத் தூக்கியிருந்தார்கள்.

வாசற்படியைத் தாண்டப் போகிறவர்கள் போல. தாண்டவும் முடியாமல், இறக்கவும் முடியாமல். ஊறி வெளுத்த மூன்று உள்ளங்கால்கள் தரைக்கு மேலே, அசையாமல்.

"அம்மா!" வெளியிலிருந்து தசரதனின் குரல், எங்கோ தொலைவிலிருந்து. "யாராச்சும் கீறாங்களா?"



"எந்த வூட்லயும் கூப்புடல," என்றாள் மஞ்சுளா. பேசும்போது வாயோரத்தில் தண்ணீர் ஒழுகியது. "ஆவணி வரைக்கும்தாம்மா. நாக்பூர்ல உங்க வூடு கீதாமே. உங்க கூடவே அங்க வந்துடறோம்."

குழந்தையின் தூக்கிய பாதம் நடுங்கத் தொடங்கியது. அது வைதேஹியின் பக்கமாக நீண்டு, அவள் புடவைக் கரைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"கொழந்தைக்குக் கால் கடுக்குதும்மா. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."