அங்கே இரவு, இங்கே பகல்

அலுவலகத்தில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். திரையின் முன் உட்கார்ந்துவிட்டால் இமை கொட்டாமல் பார்ப்பாள் என்று யாரோ கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கேலிப் பெயராவது யார் வாயிலாவது இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

அன்று காலை மேலாளர் அவளைத் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப்போனார். அதுவரை உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை அது. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் தூசியும் பூஞ்சையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. இப்போது அங்கே ஒரு மேசை, ஒரு மைக், சுவர் முழுக்கத் திரைகள்.

"இனிமே இதுதான் உங்க கட்டடம்," என்றார்.

திரைகளில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம் துண்டு துண்டாகத் தெரிந்தது. வரவேற்பறை, மாடிப்படி, மேசைகள் வரிசையாகக் கிடந்த கூடம், தரைக்கு அடியில் வண்டிகள் நிறுத்தும் இடம். எங்கும் ஆள் இல்லை. பல கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் இருந்தது அது.

"காப்பீட்டுக் கம்பெனியோட ஆபீஸ். கணக்கு வேலை ஒரு நாட்டுக்குப் போயிடுச்சு, போன் எடுக்கிற வேலை இன்னொரு நாட்டுக்கு. கட்டடம் மட்டும் சும்மா நிக்குது. விக்கிற வரைக்கும் காவல் வேணுமில்ல? அந்தக் காவலும் இப்ப நம்மகிட்ட வந்திருக்கு."

"காவலைக்கூடவா சார் வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க?"

"ஏன் அனுப்ப மாட்டாங்க? அங்க ஒரு ஆளுக்குக் குடுக்கிறதுல இங்க நாலஞ்சு பேரை வெச்சுக்கலாம். அதைவிடப் பெரிய வசதி, அங்க ராத்திரின்னா நமக்குப் பகல். யாரும் தூங்கி வழிய வேண்டாம்."

"அங்க இருந்த வாட்ச்மேனுங்க?"

"அவங்களுக்கு வேற ஏதாவது கிடைச்சிருக்கும்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கதை ஆந்தைக்குப் பழக்கமானதுதான். அவள் கணவன் வேலை பார்த்த தொழிற்சாலையும் இப்படித்தான் ஒருநாள் கடல் தாண்டிப் போனது. இயந்திரங்களைப் பொருத்திக்கொடுக்க அவனும் கூடவே போனான். அங்கே இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. அவன் திரும்பி வரவில்லை. முதலில் தினமும் பேசினான், பிறகு எப்போதாவது பேசினான், பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது.

அந்தக் கட்டடத்தின் காவலாளிகளில் ஒருவரை அவளுக்குத் தெரியும். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். வேலை கைமாறுவதற்கு முன் சில நாட்கள் அவர்தான் தொலைபேசியில் கட்டடத்தைச் சொல்லிக்கொடுத்தார். வயதானவர், எப்போதோ இங்கிருந்து போய் அங்கே குடியேறிய தமிழர். பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமி, அடக்கமாக இருமுவார். தன் வேலையைப் பறித்துக்கொள்ளப்போகிறவள் என்ற கடுப்பு அந்தக் குரலில் துளியும் இல்லை.

"பெரிய கட்டடம்மா," என்றார் ஒருமுறை. "ஆளுங்க இருந்தப்ப தெரியல. காலியானப்புறம்தான் எவ்வளவு பெரிசுன்னு தெரியுது."

வேலை ஆரம்பித்த பிறகு அதன் அர்த்தம் அவளுக்கும் புரிந்தது. வெளியே வெயில் கொளுத்தும் நேரத்தில் அவள் அந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் கட்டடத்தின் சத்தம் மெலிதாக வந்துகொண்டே இருக்கும். குழாயில் நீர் இறங்கும், எங்கோ ஒரு கண்ணாடி அதிரும். சாப்பாட்டையும் திரையின் முன்னாலேயே சாப்பிட்டாள். பேச்சுத் துணைக்கு ஈ, கொசு கூட இல்லை.

பிறகு ஒருநாள் கூடத்தில் ஒருவர் நடந்து போனார்.

முதுகு மட்டும் தெரிந்தது. கனத்த கம்பளிக் கோட்டு, ஒரு பக்கம் சரிந்த தோள். மேசைகளுக்கு நடுவே நிதானமாக நடந்து, ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் அழுத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஆந்தை திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். மைக்கை அழுத்தினாள்.

"யாரது? கட்டடம் பூட்டியிருக்கு. உள்ள வரக் கூடாது."

அவர் நின்றார். திரும்பவில்லை. ஒலிபெருக்கியில் அடக்கமான ஓர் இருமல் கேட்டது.

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பழைய காவலாளிதான். கை பழகிய வேலையை விட முடியாமல், எங்கேயோ மிச்சமிருந்த சாவியை வைத்துக்கொண்டு வந்துபோகிறார், பாவம். விதிப்படி அவள் உடனே தகவல் சொல்ல வேண்டும். சொன்னால் போலீஸ் வரும், இந்த வயதில் அவர் கைதாவார். சொல்லாவிட்டால், தெரியவரும் அன்று அவளுடைய வேலை போகும்.

அவள் சொல்லவில்லை.

"நீங்கதானா? பயந்தே போயிட்டேன்," என்றாள் மெதுவாக. "ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

அவர் முதுகைக் காட்டியபடியே ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

அது வணக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் தினமும் வந்தார். ஆந்தை பேச ஆரம்பித்தாள். பேருந்தில் இடம் கிடைக்காததைச் சொன்னாள், வீட்டுக்காரர் கிளப்பிய தண்ணீர்ச் சண்டையைச் சொன்னாள். ஒருநாள், யாரிடமும் சொல்லாத கணவன் கதையையும் சொன்னாள். அவர் ஒருமுறைகூடப் பதில் பேசவில்லை. ஆனால் அவள் பேசும்போதெல்லாம் நின்று கேட்டார். முடித்ததும் கையைத் தூக்கினார். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அவளுக்கு ஓர் அவசரம் வந்தது. யாரோ தனக்காகக் காத்திருப்பது போன்ற அவசரம்.

அங்கே குளிர்காலம் இறுகியது. கூடத்தின் கண்ணாடிகளில் பனி படர்ந்தது.

"இந்தக் குளிர்ல எதுக்குங்க வர்றீங்க? வீட்டுக்குப் போங்க," என்றாள்.

அப்போதுதான் கவனித்தாள். கூடத்தின் நடுவே கண்ணாடித் தடுப்பு இருந்தது. அவர் அதை ஒட்டி நடந்து போனார். மேசைகள் கண்ணாடியில் தெரிந்தன. நாற்காலிகள் தெரிந்தன.

அவர் தெரியவில்லை.

வாசல் கேமராவின் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். எந்த நாளிலும் அவர் உள்ளே வரவில்லை. எந்த நாளிலும் வெளியே போகவில்லை.

அறைக்குள் நனைந்த கம்பளியின் வாடை பரவியது. எழுந்து மேலாளரிடம் போனாள்.

"சார், எனக்குப் போன்ல சொல்லிக்குடுத்த அந்தப் பழைய வாட்ச்மேன் நம்பர் வேணும். கட்டடத்துல ஒரு சந்தேகம்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரா? அவர் இறந்துட்டாரேம்மா. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"எப்ப?"

"கைமாத்தின அன்னிக்கே. மத்தவங்க எல்லாம் சாயங்காலமே கிளம்பிட்டாங்க. இவர் மட்டும், எல்லாம் சரியா பூட்டியிருக்கான்னு கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்னு மேல போயிருக்காரு. மாடிப்படில விழுந்துட்டாரு. கம்பெனி போனையும் முன்னாடியே திருப்பிக் குடுத்திட்டாரு."

"கேமரா இருந்துச்சே சார்?"

மேலாளர் கதவைச் சாத்தினார். "இருந்துச்சு. அங்க பார்க்கிறதை அன்னிக்கு நிறுத்திட்டாங்க. நாம மறுநாள்தான் ஆரம்பிச்சோம். நடுவுல அந்த ஒரு ராத்திரி…" குரலைத் தாழ்த்தினார். "ரெக்கார்டிங்ல இருக்காம். விழுந்தவுடனே உயிர் போகலையாம். யாராவது பார்க்க மாட்டாங்களான்னு, விடியற வரைக்கும் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிட்டே இருந்திருக்காரு."



அது வணக்கம் இல்லை.

அப்படியே வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் கால்கள் தாழ்வாரத்தின் கடைசிக்குத்தான் போயின. தனியாக ஒருவர் கை தூக்கிக்கொண்டிருக்க, தான் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது அவளை அறுத்தது.

கூடம் காலியாக இருந்தது. வரவேற்பறை காலி.

மாடிப்படியில் அவர் கிடந்தார்.

முதல் முறையாக முகம் தெரிந்தது. நரைத்த மீசை, பாதி திறந்த வாய். கண்கள் நேராக அவளைப் பார்த்தன. கை மெல்ல எழுந்தது. பாதியில் நின்றது.

ஒலிபெருக்கியில் இருமல். பிறகு ஒரு மூச்சு. பிறகு, காதுக்குப் பக்கத்தில் சொன்னது போல:

"யாராவது… பார்க்கிறீங்களா?"

அவள் மைக்கை அழுத்தினாள். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினாள்.

"பார்க்கிறேன். நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். எங்கயும் போகல."

கை மெதுவாகக் கீழே இறங்கியது.

மணி ஆகிவிட்டதென்று அலுவலகத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கண் எரிந்து நீர் வழிந்தது. ஆனாலும் இமைக்கவில்லை. அங்கே விடிந்து, படிகளின் மேல் சாம்பல் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சம் ஏற ஏற அவர் உருவம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் படிகள் மட்டும் இருந்தன.

அதன் பிறகு அவர் வரவில்லை. நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நம்பினாள். நம்பினாலும், மறுநாள் சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனாள். கட்டடம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து மேலாளர் வந்து கதவருகே தயங்கி நின்றார். இன்னும் குறைந்த கூலிக்கு வேறொரு நாட்டில் ஆள் கிடைத்துவிட்டதாம்.

"உங்களுக்கு வேற ஏதாவது கிடைக்கும்மா," என்றார்.

புதிதாக வந்தவள் அந்த நாட்டில் இருக்கும், தமிழ் பேசும் ஒரு சின்னப் பெண். ஆந்தைதான் தொலைபேசியில் அவளுக்குக் கட்டடத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அவரைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. போனவரைப் பற்றிச் சொல்லி அந்தப் பெண்ணை ஏன் பயமுறுத்த வேண்டும்?

வேலை போன பிறகு நாட்கள் நீண்டு கிடந்தன. ஒருநாள் அந்தி நேரம். தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, விளக்குப் போடத் தோன்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அடித்தது. அந்தச் சின்னப் பெண்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம்." குரல் கிசுகிசுத்தது. "ஒரு திரையில சம்பந்தமே இல்லாத படம் ஒண்ணு வருது. கட்டடம் மாதிரி இல்ல, யாரோட வீடோ மாதிரி இருக்கு. சின்ன ரூம், கட்டில். ஒரு அம்மா தலையில துண்டு சுத்திட்டுப் போன் பேசிட்டிருக்காங்க."

ஆந்தை மெதுவாக நிமிர்ந்து கூரையின் மூலையைப் பார்த்தாள். காரை பெயர்ந்த சுவர்தான் இருந்தது.

"இப்ப மேல பார்க்கிறாங்க," என்றாள் அந்தப் பெண். "அக்கா… நீங்களா அது?"

ஆந்தை தலைத் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லம்மா. நான் தனியாத்தான் இருக்கேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இல்லக்கா. உங்க பக்கத்துல கம்பளிக் கோட்டு போட்ட ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு."

கட்டிலின் மெத்தை, ஓர் ஆளின் பாரத்துக்கு, மெல்ல அமுங்கியது. ஆந்தை திரும்பவில்லை. 

"என்ன… என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா, உங்களையே பார்த்துட்டு இருக்காரு."