பெயருக்கு விட்ட இடம்

சின்னாச்சிக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. விடியலிலிருந்து குனிந்தபடியே இருக்கிறாள். நல்லூர் வீட்டு விறாந்தை முழுக்க இசைத்தட்டுகள், முந்நூறுக்குக் குறையாது. ஒவ்வொன்றையும் துடைத்து, உறையில் போட்டு, நயினார் இராசநாயகம் சொல்லும் அடுக்கில் வைக்க வேண்டும். மலாயா ரயில்வேயிலிருந்து பென்சனோடு வந்த அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி விரலால் காட்டுவார். பின்னேரம் சிநேகிதர்கள் அலுமாரியைப் பார்க்க வருகிறார்களாம்.

எழுத்துத் தெரியாதவள், நடுவில் ஒட்டியிருந்த தாளின் நிறத்தைக் கொண்டு பிரித்தாள். தாள் ஒட்டாதது ஒன்றே ஒன்று, வெள்ளி நிறத்து அலுமினியத் தட்டு. அதை அடுக்கின் அடியில் வைத்தது நல்ல நினைவு. இப்போது அது மேலே கிடந்தது. தொட்டாள். வெயில் எட்டாத மூலை. ஆனாலும் உடம்புச் சூடு.

"நயினார், இதை ஆரும் எடுத்தவையே?"

"ஆர் எடுக்கிறது? இஞ்சை நீயும் நானும்தானே நிக்கிறம். உதைத் தாலாட்டுத் தட்டுகளோடை வை. ரெண்டும் பொம்பிளையள் இழுக்கிற இழுவைதானே."

அந்தத் தட்டில் இருந்தது அவள் குரல். ஊரில் செத்த வீடென்றால் ஒப்பாரி சொல்லச் சின்னாச்சியைத்தான் கூப்பிடுவார்கள். மாசி மாதம், குரலைத் தட்டில் வெட்டும் பெட்டியொன்றைக் கொழும்பிலிருந்து இறக்கிய நயினார், மகளைப் பறிகொடுத்த தாயின் ஒப்பாரியை அதற்கு முன்னால் சொல்லச் சொன்னார்.

"சாவில்லாத வீட்டிலை சொல்லப்படாது நயினார். சொன்னால் அது சாவைக் கேக்கும்."

"நீ ஆற்றை காணியிலை குடியிருக்கிறாய்?"

அவர் காணியில் குடியிருப்பவளுக்கு அதற்குமேல் என்ன கதை? சொன்னாள். ஆனால் செத்தவளின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டாள். தன் ஒரே மகள் வள்ளிப்பிள்ளையைக் காக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். கூலி ஒரு பழஞ்சேலை. வந்த விருந்தாளிகள் அவள் அழுகையைக் கேட்டுக் கை தட்டினார்கள்.

இப்போது பின்வளவில் வள்ளிப்பிள்ளை அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் பனையோலையும் அசையாமல் நிற்க, காகமும் வாய் திறக்காத அந்த நேரத்தில், உலக்கையின் திம் திம் என்ற சத்தமும், சூடேறிய அரக்குத் தட்டுகளின் மணமும், ஊறிய பச்சரிசியின் புளித்த வாடையும் சேர்ந்து, பிணம் கிடத்திய வீட்டுக்குள் நிற்பதுபோல சின்னாச்சிக்கு மூச்சு முட்டியது.

"உதை ஒருக்காப் போடு. தேஞ்சு போச்சோ பாப்பம்."

கிராமபோனில் முள் ஊசியை மாட்டினாள். கைப்பிடியைச் சுற்றினாள். முதலில் இரைச்சல். பிறகு அவள் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. பெயருக்கு விட்ட இடத்துக்காகக் காத்திருந்தாள். போன மாதம் அந்த இடத்தில் ஒரு முனகல் கேட்டது. தட்டின் பழுதென்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இடம் வந்தது.

"என்ரை வள்ளிப்பிள்ளை..."

நயினார் கண்ணைத் திறந்தார். "எடி, பேர் சொல்லியே பாடினனி? நான் கவனிக்கேல்லை. நல்லாத்தான் கிடக்கு."

ஊசியைத் தூக்கினாள். பாட்டு நிற்கவில்லை. தட்டைப் பிடுங்கி நிலத்தில் அடித்தாள். அரக்கென்றால் உடைந்திருக்கும். இது வளைந்தது. பாட்டு நிற்கவில்லை.

உலக்கை நின்றது.

பின்வாசலில் வள்ளிப்பிள்ளை. முகமெல்லாம் மா. வாய் நிறையப் பச்சரிசி. அள்ளித் தின்றவள் மாதிரி இல்லை. மற்றவர்கள் போட்ட வாய்க்கரிசி மாதிரி.

அரிசி உதிர உதிரக் கேட்டாள். "என்னணை, கூப்பிட்டனியே?"

இல்லையென்று சொல்லச் சின்னாச்சி வாயைத் திறக்கப் போனாள். வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. ஒப்பாரி அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் பொத்தினாள். விரலிடுக்கால் வழிந்தது.

பெயரும் சொல்லியாயிற்று. அந்த ஒப்பாரிக்கு இனிக் கடன் ஒரு சாவுதான்.