தீவனம் நிறுத்திய ஒன்பதாம் நாள்

கொட்டகைக் கதவைத் திறந்ததும் அறிவுச்செல்விக்கு முதலில் உறைத்தது அந்த அமைதிதான். எட்டாயிரம் கோழிகள் மூன்றடுக்குக் கூண்டுகளில் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில், விடிந்து ஒரு மணி நேரமான பிறகும், தகரக் கூரையில் மழை விழுவதுபோல் இரையவேண்டிய கொக்கரிப்பு இல்லை. எச்சத்தின் காரநெடி மட்டும் வழக்கம்போல மூக்கில் ஏறியது, தண்ணீர்க் குழாயில் எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது, நடைபாதையில் உதிர்ந்து கிடந்த இறகுகள் அவள் சேலைக் காற்றுக்கு எழும்பி மறுபடி மெதுவாகப் படிந்தன.

செத்துவிட்டனவோ என்று ஒரு கணம் பதறினாள். இல்லை. எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தன.

முட்டை குறைந்த கோழிகளைப் பத்து நாள் பட்டினி போட்டால் பழைய இறகு கொட்டி, உடம்பு ஒடுங்கி, பிறகு தீவனத்தைக் கண்டதும் இன்னொரு சுற்று முட்டை வைக்கும். அதுவரை தண்ணீர் மட்டும். அப்படிச் செய்யக்கூடாது என்று அரசு உத்தரவு இருப்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் ராசிபுரம் ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படாமல் கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கிவிட்டிருந்தாள். ஐந்தாம் நாள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் நவீன்குமார் வண்டியை நிறுத்தி, "என்னங்க, இந்த வெயில்ல படுதாவ எறக்கி உட்டிருக்கறீங்க? தீவனம் எடுக்குதுங்களா?" என்று கேட்டபோது, "நல்லா எடுக்குதுங்க சார்" என்றாள். அவர் போன பிறகும் வெகுநேரம் அவள் முகம் அனலாகக் காந்தியது.

விஷயம் தெரிந்தவர்களிடம் கணவன் சந்திரசேகரின் முடிவு என்று சொல்லிவைத்திருந்தாள். அதுவும் பொய். "வேண்டாம் செல்வி, இதுகள வித்துப்போட்டுப் புதுக் குஞ்சு எறக்கிக்கலாம்" என்றுதான் அவன் சொன்னான். "ஊரே பண்றதுதானுங்க. பத்து நாளு தாங்காதா?" என்றவள் அவள். தீவன அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவளும் அவள்தான். முந்தாநாள் ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

வேலைக்கு வந்த மாரியாயி நடைபாதையில் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"அம்மணி, அந்தக் கோடிக்குப் போங்க."

"எதுக்குக்கா?"

"சித்த போங்களே."

போனாள். கோழி நேராகப் பார்க்காது. தலையைத் திருப்பி ஒரு பக்கக் கண்ணால்தான் பார்க்கும். அவள் நடக்க நடக்க அத்தனை தலைகளும் அவளோடு திரும்பின. கொண்டைகள் வெளுத்துச் சரிந்திருந்தன. நடைபாதை நடுவில் நின்ற மாரியாயியை ஒரு கோழிகூடப் பார்க்கவில்லை.

"நான் வந்ததுல இருந்தே உங்க பக்கமாத்தான் திரும்பி நிக்குதுங்க. எனக்கு என்னமோ சரியாப் படலீங்க அம்மணி. நான் போறனுங்க."

"அவரு சொன்னாரு, நான் என்னக்கா பண்ணட்டும்?"

மாரியாயி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "சாவி உங்க இடுப்புலதான இருக்குது, சாமி." அந்தக் குரலில் கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மதியம் சோற்றைப் போட்டு உட்கார்ந்தாள். சமையலறை ஜன்னலுக்கு நேரே, முப்பதடி தள்ளிக் கொட்டகை. படுதா அசையாமல் தொங்கியது. திரும்பி உட்கார்ந்தாலும் படுதாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவள் முதுகுக்குத் தெரிந்தது. இடம் மாறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். முதல் கவளம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இறங்கவில்லை. துப்பினாள். தன் வீட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் திருடித் தின்பவளைப்போல் கூசியது. மூன்று தடவை சந்திரசேகரைப் போனில் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை.

வெயில் சாயும்போது எழுந்தாள். தீவன அறைப் பூட்டைத் திறந்தாள். மூட்டையை இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாகத் தொட்டிகளில் கொட்டினாள். மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் மணத்தன. ஒரு வரிசை. இரண்டாவது வரிசை.

ஒன்றும் குனியவில்லை.

"தின்னுங்க சாமி. தின்னுங்க."

அலகுக்குக் கீழேயே தீவனம். தொடவில்லை. பார்த்தன.

"நாந்தான்." வாளியைக் கீழே வைத்தாள். "அவரு வேண்டாம்னாரு. நாந்தான் பண்ணுனேன்."

முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். கேட்டது கோழிகள் மட்டும். இறகுகள் மேல் உட்கார்ந்தாள். தலைகள் தாழ்ந்து அவளைத் தொடர்ந்தன.

அவள் கை தொட்டிக்குள் போனது. ஒரு பிடி அள்ளியது. வாய்க்கு வந்தது. வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. மாவு அண்ணத்தில் அப்பியது. தீவனத்தில் கலந்திருந்த சுண்ணாம்புக்கல் பல்லில் நறநறத்தது.

விழுங்கினாள்.

எட்டாயிரம் தொண்டைகள் ஏறி இறங்கின.

ஒரே நேரத்தில். சத்தமில்லாமல்.

எழ முயன்றாள். கால் வரவில்லை. கை மறுபடி தொட்டிக்குள் போனது. அள்ளியது. விழுங்கினாள். தொண்டைகள் ஏறி இறங்கின. மூன்றாவது பிடி. கண்ணில் நீர் வழிந்தது. மூச்சு முட்டியது. வயிறு நிறைந்து வலித்தது. கை நிற்கவில்லை.

கீழடுக்குக் கூண்டில், அவள் முகத்துக்கு நேரே, இறகு முழுவதும் கொட்டிப்போன ஒரு கோழி கம்பி வழியாகக் கழுத்தை நீட்டி, அடுத்த பிடிக்காக அலகைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்துக் கோழியும் திறந்தது. வரிசையின் கடைசிவரை, இருட்டும் மூலைவரை, ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின.