இரைகாட்டி

தனிஸ்லாஸ் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். பூனைக்கு மீன் உருண்டை வைத்தான். அதன் கழுத்துப் பட்டையிலிருந்த இரைகாட்டியைத் துடைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. எண் மூன்று.

வால்பாறையில் வளர்க்கிற பூனைக்கெல்லாம் இரைகாட்டி கட்டாயம். மூச்சில் கலந்த ரத்தவாடையை வைத்து எந்த உயிர் என்று சொல்லிவிடும். காட்டுப் பறவை மூன்றானால், காட்டுக்கு அயலான உயிர்களைக் கட்டுப்படுத்தும் அயலுயிர்ச் சட்டப்படி, ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். கருவியைச் செய்தவள் ரெஜினா, தனிஸ்லாசின் மனைவி. பூனைக்குப் பப்பாளி என்று பேர் வைத்தவளும் அவள்தான். அவள் போய் எட்டு மாதம். அயலுயிர் வாரியத்தின் பின்பக்கக் குடியிருப்பில் அவனும் பப்பாளியும்தான் மிச்சம்.

ஏழு மணிக்கு ஆய்வாளர் கோமளவல்லி கூண்டோடு வந்துவிட்டாள். சிலம்பன், ஈப்பிடிப்பான், நேற்று மரகதப்புறா என்று கருவியில் பதிவான பறவைகளை வாசித்தாள். பப்பாளிக்குப் பதினான்கு வயது, கட்டிலில் ஏறவே நான் தூக்கிவிட வேண்டும், இது எங்கே புறா பிடிப்பது என்று கேட்டான். கருவி பொய் சொல்லாது என்றாள். ஆட்சேபணை இருந்தால் பத்து மணிக்குள் வரச் சொல்லிவிட்டுப் பப்பாளியைக் கூண்டில் அடைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

பப்பாளி தினமும் நுழைகிற வேலி இடுக்கு அவனுக்குத் தெரியும். அதைத் தாண்டிச் சுற்றிப் போனான். வாரியக் கட்டடத்தின் முகப்பு. நான்கு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. எதிரே இருக்கும் சோலைக்காடு முழுக்க அதில் தெரிந்தது. கீழே வாரியத்தில் கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மா துடைப்பத்தால் எதையோ கூடையில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தெனம் பத்து பன்னெண்டு விழும் சார். காடுன்னு நெனச்சு வந்து முட்டுதுங்க. ஆபீசருங்க வர்றதுக்குள்ள அள்ளிடணும்னு உத்தரவு. ஒங்க வீட்டுக் கெழவி எப்பவாச்சும் ஒண்ணக் கவ்விட்டுப் போவா. போனாப் போறான்னு விட்ருவேன்."

தனிஸ்லாஸ் கூடையை வாங்கிக்கொண்டு மாடியேறினான். கோமளவல்லியின் மேசைமேல் கவிழ்த்தான். பதினொரு பறவைகள். இரண்டு இன்னும் சூடாக இருந்தன.

"இதுக்கு எந்தக் கழுத்துல பட்டை கட்டுவீங்க?"

அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சட்டம் வளர்ப்பு உயிர்களுக்குத்தான், கட்டடம் அதில் வராது என்று விளக்கினாள். மனு எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னாள். பூனையை முதலில் கொடுங்கள் என்றான். அவள் பறவைகளைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். டாக்டருக்கு வேறு எஸ்டேட்டில் வேலை இருந்ததாம். எட்டரைக்கே ஊசி போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சுவரில் மணி ஒன்பது ஐந்து.

"மேடம் இருந்திருந்தா எங்களைப் புரிஞ்சிக்கிட்டிருப்பாங்க சார். அவங்க செஞ்ச கருவிதானே."

ஆஸ்பத்திரியில் ரெஜினா கடைசியாகச் சொன்னதை அவன் கோமளவல்லியிடம் சொன்னான். இத்தனை நாளும் காய்ச்சலில் பிதற்றினாள் என்றே நினைத்திருந்தான்.

"அதுக்குக் கண்ணு வைக்கல, தனிஸ். மூக்கு மட்டுந்தான் வெச்சேன்."