ஒத்தாசை

அக்கா வீட்டு மாடிப்படியில் பல் டாக்டர் ஏறியது நல்ல பகல் நேரம். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பேய் பிசாசு நடமாடுகிற வேளையே இல்லை. இருட்டில் நடந்திருந்தால் ஏதோ கண் ஏமாற்றியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பாவம், அந்த வசதி அவருக்குக் கிடைக்கவில்லை.

மாடி அறைக் கதவைத் திறந்ததும் மூன்று வாசனை ஒன்றாக வந்து முகத்தில் அடித்தது. வார்னிஷ், மரத்தூள், மூக்குப்பொடி. பொடி போட்டவர் அக்கா புருஷன். வக்கீல். அவர் போய் மாதக்கணக்காகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர், கை கழுவாமலே போய்ச் சேர்ந்தார். பொடி வாசனை மட்டும் வாய்தா வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது.

சுவரை ஒட்டிய கண்ணாடி அலமாரியில் கப்பல்கள் வரிசையாக நின்றன. பாய்மரக் கப்பல், மீன்பிடிப் படகு, சரக்குக் கப்பல், எல்லாம் ஒரு முழம், ஒன்றரை முழம். அத்தனையும் அத்தானும் மைத்துனனுமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியவை. சேர்ந்து என்றால் எப்படி? விலாக்கட்டைகளை அறுத்து நிறுத்துவது, பலகையை வெந்நீரில் ஊறவைத்து வளைப்பது, பல்லை அடைக்கிற பொறுமையோடு இடுக்கில்லாமல் ஒட்டுவது, இதெல்லாம் டாக்டர். வர்ணம் அடிப்பது வக்கீல். மீதி நேரம் பேசுவதும் வக்கீல்.

யாராவது பார்க்க வந்தால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நிற்பார். "எல்லாம் நம்ம கைவேலைதான். மச்சான் கொஞ்சம் ஒத்தாசை."

வாயால் சொன்னது போதாதென்று ஒவ்வொரு கப்பலுக்கும் கீழே பித்தளைத் தகட்டில் செதுக்கியும் வைத்திருந்தார். மேலே தன் பெயர், பட்டத்தோடு. கீழே பொடி எழுத்தில்: ஒத்தாசை, மைத்துனர்.

அந்த நாலு எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டர் பல்லைக் கடிப்பார். "பல்லைக் கடிக்காதீங்க, தேய்ஞ்சு போயிடும்" என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், தன் கடைவாய்ப் பல்லைத் தானே கடித்து விரிசல் விட்டு, அதன் மேல் ஒரு தொப்பி, 'கேப்' என்பார்களே அது, போட்டுக்கொண்டிருந்தார். தொப்பி போட்டுவிட்ட டாக்டரோடும் சண்டை. அந்த ஊரில் அவரோடு சண்டையில்லாத பல் டாக்டர் என்று பார்த்தால், அவரே ஒருவர்தான்.

மேஜை மேல் பாதி முடிந்த இழுவைக் கப்பல் நின்றது. துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துப் போகுமே, அந்தக் குண்டுக் கப்பல். பக்கவாட்டில் நாலு வட்ட ஜன்னல். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற மெல்லிய கண்ணாடியை டாக்டரே வெட்டிப் பதித்திருந்தார். மேல்தளம் இன்னும் போடவில்லை. உள்ளே என்ஜின் அறை திறந்து கிடந்தது.

"இந்த ஒண்ணை முடிச்சுக் குடுத்துடுடா" என்றாள் அக்கா, வாசற்படியிலேயே நின்று. "கண்காட்சியில அவர் பேர்ல வைக்கணும். அப்புறம் உன்னை எதுக்கும் கூப்பிட மாட்டேன்."

"சரிக்கா." சரி என்றவர் அப்போது நிஜமாகவே சரி என்றுதான் நினைத்தார்.

அக்கா இறங்கிப்போனதும் உப்புத்தாள் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தார். உப்புத்தாளுக்கு அடியில் புதுத் தகடு. இந்தக் கப்பலுக்கென்று வக்கீல் முன்கூட்டியே செதுக்கி வைத்தது. மேலே அவர் பெயர், பட்டத்தோடு. கீழே, மைத்துனர் இருக்கவேண்டிய இடத்தில், பளபளவென்று வெறும் பித்தளை.

டாக்டர் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலும் ஒன்றுமில்லை.

"ஒத்தாசைகூட இல்லையா!"

கடைவாய்ப் பல் நறநறத்தது.

கப்பலின் விளிம்பில் அளவு ஆள் நின்றுகொண்டிருந்தான். மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் ஒரு குட்டி மனிதனைச் செய்து நிறுத்துவார்கள்; அவன் உயரத்தை வைத்துத்தான் கப்பல் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். வக்கீல் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். தள்ளின வயிறு, இடுப்பில் கை, தன்னையேதான் செதுக்கியிருந்தார். "ஆள் இல்லாட்டி அது பொம்மை. ஆள் ஏறினாத்தான் கப்பல்" என்பார்.

டாக்டர் இடுக்கியால் அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். என்ஜின் அறைக்குள், விலாக்கட்டைகளுக்கு நடுவே இறக்கினார்.

"இத்தனை வருஷம் நான் பண்ணேன். இனிமே நீங்க உள்ள இருந்து ஒத்தாசை பண்ணுங்க அத்தான்."

அன்றைக்கே மேல்தளம் போட ஆரம்பித்தார். கோபத்தில் செய்கிற வேலை கோணலாக வரும் என்பார்கள். அவருக்கு நேர்மாறு. பலகைக்குப் பலகை மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. அடுத்தடுத்த மத்தியானங்களில், கிளினிக்கை மூடிவிட்டு வந்து, கடைசிப் பலகையையும் பொருத்தி, பல்லுக்குப் போடுகிற சிமென்ட்டால் ஓரத்தைப் பூசி முடித்தார். தண்ணீர் போகாது. காற்றும் போகாது. வாழ்நாளிலேயே அதுதான் அவர் போட்ட நல்ல தளம்.

பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மெல்லிய தூள் பறந்தது.

கப்பலுக்குள் யாரோ தும்மினார்கள்.

சின்னத் தும்மல்தான். எறும்பு தும்மினால் எப்படியோ அப்படி. ஆனால் வக்கீல் தும்மலுக்கென்று ஒரு தாளம் உண்டு. ஒன்று தும்மி, கொஞ்சம் நிறுத்தி, அடுத்தடுத்து இரண்டு. நீதிமன்றத்தில் நீதிபதியே அந்த மற்ற இரண்டுக்கும் காத்திருப்பாராம்.

டாக்டர் உப்புத்தாளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வந்தது.

இரண்டும் வந்தது.

"மரம் காயுது. அதான் சத்தம் விடுது" என்று வாய்விட்டுச் சொன்னார். தனியாக இருக்கிற அறையில் யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தார், முன்னைவிட அழுத்தி.

அடுத்த நாள் அவர் போனபோது அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. வாரிய தலை பாதியில் நின்றிருந்தது.

"தம்பி, அவர் கூப்பிடறார்டா."

"யாரு?"

"யாரா? எனக்கு எத்தனை புருஷன்? காலையில காய் நறுக்கிட்டிருக்கேன், மாடியிலேருந்து கூப்பிடறார். போய்ப் பார்த்தா யாரும் இல்லை. மூச்சு முட்டற மாதிரி கூப்பிடறார். எங்கயோ அடைச்சுப் போட்ட மாதிரி." தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "நீ என்ன பண்ணே?"

"நான் என்ன பண்ணேன்? பலகை ஒட்டறேன்."

"அந்தக் குட்டி ஆள் எங்க? மேல நின்னுட்டிருந்தானே."

"உள்ள வேலையா போயிருக்கான்."

அக்கா சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"எடுத்து வெளிய விடுடா."

"தளத்தை உடைக்கணும்கா."

"உடை."

"முடியாது!" படியெல்லாம் அதிரக் கத்தினார். "ஆயுசு பூரா அவருக்கு உழைச்சேன். ஒரு தகட்டுல, ஒரு ஓரத்துல, பொடி எழுத்துல போட்டாரு. இந்தத் தடவை அந்த மரியாதைகூட இல்லை. அதையும் தூக்கிட்டாரு உன் புருஷன்! இழுப்பறையில இருக்கு, போய்ப் பாரு!"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வருவதற்குப் பதிலாக அவள் முகத்தில் வேறு எதுவோ வந்தது.

"அட பைத்தியக்காரா. அந்த வார்த்தையைப் பார்த்தா உனக்குக் கோவம் வருதுன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். 'அப்படியா, சொல்லவே இல்லையே மச்சான்'னு அவரே எடுத்துட்டார். வேற என்ன போடறதுன்னு உன்னைக் கேட்டுக்கலாம்னு இடம் விட்டு வெச்சிருந்தார். கேக்கறதுக்குள்ள..."

மாடியில் தட் தட் என்று சத்தம். நகத்தால் மரத்தைத் தட்டுகிற சத்தம்.

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். இரண்டு பேரும் இங்கேதான் இருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே உளியை எடுத்திருப்பார்கள். டாக்டரும் நினைத்தார். ஆனால் சட்டைப்பையில் ஒரு தகடு கனத்துக்கொண்டிருந்தது. அவரே கடையில் கொடுத்துச் செதுக்கி வாங்கியது. அதில் ஒரே ஒரு பெயர். அவர் பெயர். முதல் தடவையாக, தனியாக, பெரிய எழுத்தில்.

"கண்காட்சி முடியட்டும். அப்புறம் உடைக்கறேன்" என்றார்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேஜைக்கு மேஜை கப்பல்கள். ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் நடுவர். கடலில் கத்திக் கத்திப் பழகியவர். ரகசியம் பேசினாலும் வாசல் வரை கேட்கும். இழுவைக் கப்பலின் முன்னால் வந்து குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னய்யா தளம் இது! கண்ணாடி மாதிரி இருக்கே. யார் கட்டினது?"

"நான்தான் சார்" என்றார் டாக்டர். எத்தனையோ வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை. சொன்னபோது உடம்பே லேசானது.

"தனியாவா?"

"தனியாத்தான்."

கேப்டன் காதைத் தளத்தருகே கொண்டுபோனார். "உள்ள மோட்டார் வெச்சிருக்கீங்களா? ஏதோ துடிக்குதே."

டாக்டர் பதில் சொல்வதற்குள் அக்கா வந்துவிட்டாள். வந்தவள் கப்பலைப் பார்க்கவில்லை. தகட்டைப் பார்த்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள்.

"அவர் பேர் எங்கடா?"

"அக்கா, இங்க வேண்டாம்..."

"செத்தவரை உள்ள போட்டு மூடிட்டு, மேல உன் பேரை ஒட்டியிருக்கே! நீ எனக்குத் தம்பியாடா?"

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அப்போதுதான் கேப்டன், "ஜன்னல்ல என்ன, பனி படியுதே?" என்றார்.

நாலு வட்ட ஜன்னலும் வெளுத்துக்கொண்டு வந்தன. உள்ளேயிருந்து. முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி மூச்சு விட்டால் படியுமே, அப்படி.

பிறகு, அந்த ஆவி மேல், மயிர் கனத்தில் ஒரு கோடு விழுந்தது.

இன்னொரு கோடு.

ஜன்னலுக்கு ஓர் எழுத்து. மெதுவாக, அவசரமில்லாமல், யாரோ விரலால் எழுதினார்கள். கேப்டனுக்கு அது வெறும் கிறுக்கல். உள்ளேயிருந்து எழுதியது வெளியே இடம் வலமாகத்தானே தெரியும். ஆனால் பல் டாக்டருக்குப் பிழைப்பே கண்ணாடியில் மாற்றிப் பார்ப்பதுதான். பழக்கதோஷத்தில் பையிலிருந்த, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். எழுத்துகள் நேராகிவிட்டன.

ஒ. த். தா. சை.

நக்கலா, இல்லை உதவிக்குக் கூப்பிடுகிறாரா என்று அவருக்குப் புரியவில்லை. அந்த வார்த்தைக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்தது.

மேஜைக்கு அடியில் வைத்திருந்த கருவிப் பெட்டியிலிருந்து உளியை எடுத்தார். ஊரே பார்க்க, வாழ்நாளிலேயே நல்லதாகப் போட்ட அந்தத் தளத்தைப் பலகை பலகையாகப் பெயர்த்தார். கேப்டன் கத்தியது வாசல் தாண்டிக் கேட்டது. உள்ளேயிருந்து குப்பென்று மூக்குப்பொடி வாசனை வந்து, முன்வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தும்மினார்கள்.

என்ஜின் அறை காலி. அளவு ஆள் இல்லை.

தளத்தின் அடிப்பக்கம் முழுக்க, விரல் நகத்தால் சுரண்டியது போல் கோடு. அத்தனை பொடிக் கோடுகள்.

"அத்தான்" என்று வாயைத் திறந்தார் டாக்டர்.

திறந்திருக்கக் கூடாது. குளிர்ச்சியாக ஒன்று நாக்கின் மேல் ஓடியது போலிருந்தது. மூடிக்கொண்டார். அதற்குள் அக்கா திரும்பிப் பார்க்காமல் மண்டபத்தை விட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் காலை கிளினிக்கில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே கடைவாய்ப் பல் தெறிக்க ஆரம்பித்தது. தொப்பி போட்ட அதே பல். வலி என்று சொல்ல முடியாது. வலி விட்டு விட்டுத் தாளம் போட்டுத் தட்டாது.

தட். தட்.

டாக்டர் சுவர்க் கண்ணாடி முன் நின்று வாயைப் பிளந்தார். குட்டிக் கண்ணாடியைக் கடைவாய்க்குள் விட்டார். மூச்சை அடக்கினார். அடக்கிய மூச்சோடு நிற்கையில், கண்ணாடி தானாக வெளுத்தது.

கோபம் வந்தது. பல்லைக் கடிக்கப் போனார். கடிக்கப் பயமாக இருந்தது. இடுக்கியை எடுத்தார், வைத்தார். உலகத்தில் எந்தப் பல் டாக்டரும் தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்ள முடியாது. இன்னொருத்தர் வேண்டும். தொப்பி போட்டவரோடு பேச்சுவார்த்தை இல்லை. மற்றவர்களோடும் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

போனை வைத்துவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து, பல்லில் படாமல் மெதுவாகக் கேட்டார்:

"இப்ப எனக்கு யாரு ஒத்தாசை?"

வாய்க்குள்ளே, தொப்பிக்கு அடியில், யாரோ ஒரு தும்மல் தும்மினார்கள்.

டாக்டர் மற்ற இரண்டுக்கும் காத்துக்கொண்டு நின்றார்.